ஏட்டையாவின் நோட்டு

முதலில் கேட்டது கதவு தட்டும் சத்தம். விரலை மடக்கி, மெதுவாக, மூன்று முறை. பிறகு ஒன்றும் இல்லை. வெளியே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது.

கட்டிலில் படுத்திருந்த ஞானாதிக்கம் அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டார். போட்டிருந்தது.

கால் சத்தம் நகர்ந்தது. செருப்பா, வெறுங்காலா? காதைத் தீட்டினார். வெறுங்கால். சித்திரை வெயிலில் சரல் மண்ணை மிதிக்க முடியாமல் எட்டி எட்டி வைக்கிற கால். அது கிணற்றுப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் கிணற்று உருளை கிறீச்சிட்டது.

தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து எழுதினார். ஐந்து நாளாக இதே வேலைதான்.

பிறகு எழுந்து, சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கி, கிணற்றடிக்குப் போனார். ஆள் இல்லை. வாளி நனைந்திருந்தது. சிந்தின ஈரம் பொட்டுப் பொட்டாகத் தகரக் கொட்டகை வரைக்கும் போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"மாட்டிக்கிட்டான்" என்றார், தனக்குத்தானே.

முப்பத்துநாலு வருஷம் போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர் ஞானாதிக்கம். மனைவி தவறிய பிறகு வீடு பிடிக்காமல், வைப்பாற்றுக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிற இந்த ஜெபக்குடிலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே ஒன்பது பேர். ஒரே அடுப்பு, ஒரே கிணறு, காலையும் மாலையும் ஒரே ஜெபம். குடிலை நடத்துகிறவர் ஜீவரத்தினம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்றைக்கும் ஜெபம் தொடங்கும் முன்னால் பின்பக்கம் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. ஏட்டையாவைவிட இருபது வயது இளையவர்தான். ஆனாலும் எல்லாரையும்போல ஏட்டையாவும் அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். போலீஸில் வயதில் சின்ன இன்ஸ்பெக்டருக்குச் சல்யூட் அடித்துப் பழகியவருக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

கஷ்டம் வேதக்கண் வந்த பிறகுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மஞ்சப்பையோடு வந்து நின்றான் வேதக்கண். நாற்பத்தைந்து வயது, ஒட்டிய கன்னம். யாரும் சொல்லாமலே ஞானாதிக்கத்தைப் பார்த்து, "கும்பிடுதேன் ஏட்டையா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் இவருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆட்டுத் திருட்டில் சந்தேகப்பட்டு இவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். கேஸ் நிற்கவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் லத்தி யார் கையில் இருந்தது என்பது ஞானாதிக்கத்துக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருக்கும்.

அன்று மத்தியானமே தன் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டார். குடிலில் தாழ்ப்பாள் இருக்கிற ஒரே கதவு அதுதான்.

அவர் அறையில் இரண்டு கட்டில். ஓட்டுக்கூரை, மேலே வேப்பமர நிழல். இரண்டாவது கட்டிலில் அவருடைய டிரங்குப் பெட்டி இருந்தது. "புது ஆள் அங்க படுக்கட்டுமே" என்று ஜீவரத்தினம் சொன்னபோது, "எனக்கு உறக்கம் லேசு, அண்ணாச்சி. கூட ஆள் இருந்தா ஒத்து வராது" என்றார். ஜீவரத்தினம் மறுபடி கேட்கவில்லை. வேதக்கண் மண்வெட்டி, கடப்பாரையெல்லாம் போட்டுவைக்கிற தகரக் கொட்டகையில் பாயை விரித்துக்கொண்டான்.

பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் அடிக்கு இறங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பானை என்று பேசி முடித்தார்கள். கூட எடுத்தால் அந்த ஆள் குடிலை விட்டுப் போகணும். அப்படி ஒரு விதி வேணும் என்று எழுந்து சொன்னவர் ஞானாதிக்கம். எல்லாரும் கை தூக்கினார்கள். வேதக்கண்ணும் தூக்கினான். கிணற்றுப் பொறுப்பு ஏட்டையாவிடமே வந்தது. தினமும் நாலு மணிக்கு அவர் இறைத்து ஊற்றுவார். மற்றவர்கள் பானையோடு வரிசையில் நிற்பார்கள்.

இப்போது நோட்டில் ஐந்து நாள் கணக்கு சேர்ந்துவிட்டது. இன்று மாலை ஜெபத்தில் இதை வாசித்தால் போதும். விடிந்தால் மஞ்சப்பை கிளம்பிவிடும். அதற்குப் பிறகு பகலில் நிம்மதியாக ஒரு கண் அயரலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஜீவரத்தினம் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"நாம எல்லாரும் ஒரே உடம்புன்னு தினமும் சொல்லுதோம்."

"சொல்லுதோம்."

"அந்த உடம்புல ஒரு விரல் அழுகிப்போச்சுன்னா வெட்டத்தானே செய்யணும்? விட்டா கையே போயிருமே."

ஜீவரத்தினம் ஒரு கல்லை எடுத்துச் சுண்டிவிட்டார். "எந்த விரலு?"

"வேதக்கண்."

"அழுகிப்போச்சா?"

"தண்ணி எடுக்கான். அஞ்சு நாளா, மத்தியானம், எல்லாரும் கண்ணசந்த நேரம் பார்த்து. நேரத்தோட எழுதி வச்சிருக்கேன். வாசிக்கட்டுமா?"

"பொறவு வாசிக்கலாம். துண்டைத் தலையில கட்டிக்கிடுங்க. ஒரு நடை போயிட்டு வருவோம்."

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

ஏட்டையாவுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. தன்னை வெளியே கூட்டிப்போய் அந்த நேரத்தில் அவனைத் தப்ப விடுகிற ஏற்பாடோ? போகும்போது தகரக் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவைத்தார். கதவே இல்லாத கொட்டகை. உள்ளே இருட்டு. அதன் கூரைமேல் அனல் நெளிந்துகொண்டிருந்தது.

பருத்தி எடுத்து முடிந்த காடு. பருத்திமார் வெறும் குச்சியாகக் காய்ந்து நின்றது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மரம் கிடையாது. இரண்டு பேரும் வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஏட்டையாவின் நிழல் காலடியில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருண்டு கிடந்தது.

"அங்க பாருங்க" என்றார் ஜீவரத்தினம்.

காட்டு நடுவில் ஒரு செம்மறி மந்தை நின்றது. அறுபது, எழுபது உருப்படி இருக்கும். ஆனால் ஒன்றுக்கும் தலை இல்லை. வெறும் முதுகுகள். நெருக்கமாக, அசையாமல், ஒரே கம்பளியை விரித்த மாதிரி.

ஏட்டையா நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி இது? தலையை எங்க? சீக்கு விழுந்திருக்கா? இல்ல மந்தைக்காரன் எதையாவது நடுவுல மறைச்சு வச்சிருக்கானா?"

"கிட்டப் போய்ப் பாருங்க. துப்பு துலக்குறது உங்களுக்குத்தானே வரும்."

ஏட்டையா குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிப் பார்த்தார். ஒரு ஆட்டின் தலை அடுத்த ஆட்டின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அந்த ஆட்டின் தலை அதற்கடுத்த ஆட்டுக்கு அடியில். மண்டையை நிழலில் செருகிக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் கொடுத்து நின்றன.

"ஓ" என்றார். "நிழலுக்கா?"

"எது யாரு நிழலை எடுத்திருக்கு?"

விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். "இது அதோடதை எடுத்திருக்கு. அது அந்தக் கொம்பு ஒடிஞ்சதோடதை. அந்தக் கொம்பு ஒடிஞ்சது... இந்தா, இதோடதை."

"சொந்த நிழல்ல தலை வச்சது எது?"

சுற்றிவந்து பார்த்தார். ஒவ்வொரு ஆட்டின் நிழலும் அதனதன் வயிற்றுக்கு நேர் கீழே விழுந்திருந்தது. அதன் கழுத்து அங்கே எட்டாது.

"ஒண்ணுகூட இல்ல. எல்லாமே அடுத்ததோடதைத்தான் எடுத்திருக்கு." பிறகு சிரித்தார். "சட்டப்படி பாத்தா மொத்த மந்தையும் அக்யூஸ்ட்."

ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. "மொத்தமும் வேண்டாம். ஒண்ணை மட்டும் வெளிய இழுங்க. உங்க கண்ணுக்கு எது சந்தேகமோ, அதை."

"எதுக்கு?"

"இழுங்க, சொல்லுதேன்."

ஏட்டையாவின் கண் பழக்கப்பட்ட கண். ஒரு சுற்றில் கண்டுபிடித்துவிட்டது. மற்ற ஆடுகளுக்கெல்லாம் வலது காதில் வெட்டுக்குறி. ஒன்றுக்கு மட்டும் இடது காதில். வேறு மந்தை ஆடு. மற்றதெல்லாம் அசையாமல் நிற்க, அது மட்டும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார்.

ஆடு கத்திக்கொண்டு வெளியே வந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் தலை வைத்திருந்த கிழட்டு ஆடு திடுக்கிட்டு நிமிர்ந்தது. அது நிமிர்ந்து ஒதுங்கவும், அதற்கு அடியில் இருந்த இரண்டு தலை வெயிலுக்கு வந்தது. அதுகளும் நிமிர்ந்தன. அப்புறம் எது எதனால் நிமிர்ந்தது என்று பார்க்க முடியவில்லை. ஏட்டையா அந்தப் பின்னங்காலை விடுவதற்குள் அறுபது எழுபது தலையும் மேலே வந்துவிட்டது. கம்பளி கிழிந்து நாலு பக்கமும் சிதறியது. வாயைத் திறந்து இரைக்க இரைக்க, தனித்தனியாக, வெயிலில் நின்றன.

"யாருவே அது!"

ஒரு கருப்புக் குடை எழுந்தது. குடைக்கு அடியிலிருந்து மந்தைக்காரர் கோமதிநாயகம் கம்போடு ஓடிவந்தார்.

"ஆட்டைக் களவாங்க வேற நேரம் கிடைக்கலியா ஒமக்கு? பட்டப்பகல்ல, நான் உக்காந்திருக்கும்போதே..."

"யோவ், நான் ரிட்டையர்டு ஏட்டு" என்றார் ஞானாதிக்கம்.

"அப்ப சரிதான். களவாங்க வரல, கூட்டத்தைக் கலைக்க வந்திருக்கீரு."

ஜீவரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுதான், கோனாரே. நான்தான் இழுக்கச் சொன்னேன்."

"ஓ, குடில் அண்ணாச்சியா? நீங்க எதுக்கு..." கோனார் குரலை இறக்கினார். ஆனால் ஏட்டையாவை விடவில்லை. "இழுத்ததுதான் இழுத்தீரு, வேற ஒண்ணை இழுத்திருக்கக் கூடாதா? அது போன வாரம் சந்தையில பிடிச்சது. ஒண்ணும் கிட்டச் சேக்கல. நாலு நாளு தனியா நின்னு செத்துப்போற மாதிரி இரைச்சுது. இன்னைக்குத்தான் அந்தக் கிழடு அதுக்கு அடியில தலையைக் குடுத்துச்சு. இதுவும் இன்னொண்ணுக்கு அடியில குடுத்துச்சு. அதைப் போயி..."

"அதான் மறுபடியும் சேந்துக்கிடுமே" என்றார் ஏட்டையா.

"எங்க சேரும்? அடியில தலையைக் குடுத்தா அதுக்குச் சுத்துமுத்தும் ஒண்ணும் தெரியாதுல்லா. மிரண்ட ஆடு தலையைக் குனியாது, ஏட்டையா. மண்டை வெடிச்சாலும் நிமிந்தேதான் நிக்கும்."

சொல்லிவிட்டு இடது காதுக் குறி ஆட்டிடம் போய், குடையை அதன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது.

ஏட்டையா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அவருக்கு நாக்கு வறண்டிருந்தது.

திரும்பி நடந்தார்கள். பாதி வழி வந்தாயிற்று.

"நான் ஒண்ணைத்தானே இழுத்தேன், அண்ணாச்சி" என்றார் ஏட்டையா.

"ஒண்ணைத்தான் இழுத்தீங்க."

மறுபடி நடந்தார்கள். ஏட்டையாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. உள்ளங்கையில் ஆட்டுக் காலின் துடிப்பு இன்னும் இருந்தது. ஆனாலும் கேஸ் வேறு, மனசு வேறு. அப்படித்தான் அவர் இத்தனை வருஷமும் வேலை பார்த்திருந்தார்.

"ஆடு ஆடுதான். அதுக்கு விதி கிடையாது. நமக்கு இருக்கு. தண்ணி எடுத்தது அவன்தான், அதுல மாத்தமே இல்ல."

"அவன்தான்."

ஏட்டையா நின்றார். "உங்களுக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமை மொத தடவை எடுத்ததுமே வந்து சொன்னான். கொட்டகைக்குள்ள உச்சிக்கு மேல இருக்க முடியல, தலை சுத்துது, ஒரு செம்பு தண்ணி கோரி மண்டையில ஊத்திக்கிட்டேன்னு சொன்னான். விதிப்படி நான் போயிரட்டுமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கிணறு ஏட்டையா பொறுப்பு. இனிமே அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கோரு, அவரு வேண்டாம்னா வேண்டாம்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லுங்க!" ஏட்டையாவின் குரல் ஏறியது. பிடி கிடைத்துவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது. "நீங்க சொல்லியும் கேக்கலியே அவன்! கர்த்தர் சாட்சியா, என்கிட்ட ஒருநாள் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்ல. உங்களையும் ஏமாத்திட்டான். இப்பவாவது நம்புதீங்களா?"

"நோட்டு இருக்கா?"

"எப்பவும் இருக்கும்."

"வாசிங்க. பொறவு வாசிக்கலாம்னு சொன்னேன்லா."

ஏட்டையா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வெயிலில் தாளைப் பார்க்கக் கண் கூசியது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். வாசிக்கிற குரலில் தொடங்கினார்.

"செவ்வாய். பன்னிரண்டே முக்கால் மணி. என் கதவில் மூன்று முறை தட்டும் சத்தம். நான் உறங்குகிறேனா என்று சோதனை. ஐந்து நிமிடம் கழித்துக் கிணற்று உருளைச் சத்தம்."

"ம்."

"புதன். பன்னிரண்டு ஐம்பது. என் கதவில் மூன்று முறை தட்டும் சத்தம். அசையாமல் படுத்திருந்தேன். வெளியே நெடுநேரம் நின்றான். பிறகு உருளைச் சத்தம்."

"ம்."

"வியாழன். பன்னிரண்டு நாற்பது. என் கதவில்..."

குரல் இறங்கியது. அவர் கண் மட்டும் அடுத்த வரிக்கும், அதற்கடுத்த நாளுக்கும் போனது. வெள்ளி. சனி. மை புதிதாக இருந்தது.

ஜீவரத்தினம் காத்திருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஏட்டையா" என்றார் ஜீவரத்தினம். "தட்டுனவனுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கங்கிறதை மட்டும் எழுதலியே."

ஏட்டையா நோட்டைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். ஜீவரத்தினம் முன்னால் நடந்து போய்விட்டார்.

மூன்றரை மணிக்கு ஏட்டையாவின் அறையில் எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கனமான சத்தம். கட்டில்மேல் இருந்த டிரங்குப் பெட்டியாக இருக்கும் என்று அடுப்படியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அவர் வெளியே வந்தார். கதவை முழுசாகத் திறந்து, காற்றில் சாத்தாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

நாலு மணிக்கு எல்லாரும் பானையோடு கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். வேதக்கண் கடைசியில் நின்றான். அவன் பார்வை தரையில் இருந்தது. ஏட்டையாவின் பார்வையும் தரையில்தான் இருந்தது. அவனுடைய வெறுங்காலை அவர் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார்.

"என்ன ஏட்டையா, இன்னைக்கு உருளை நேரங்கெட்ட நேரத்துல கத்துச்சே, கேட்டுச்சா உங்களுக்கு?" என்றார் வரிசையில் ஒருவர்.

"கேட்டுச்சு" என்றார் ஞானாதிக்கம்.

வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அது அடியைத் தொட வழக்கத்தைவிட நேரமானது. கயிற்றைப் பிடித்து இறைக்க ஆரம்பித்தார். உருளை கிறீச்சிட்டது.